தண்ணீரை நேராக்கியவர்கள்

தண்ணீர் மூலக்கூறை நேராக்கலாம் என்று எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் கொடுத்த எம்.எஸ்ஸி. வேதியியல் பட்டதாரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏதாவது ஒன்றில் நான் முதலாவதாக வர வேண்டும் என்று அப்பா ரொம்ப ஆசைப்பட்டார். அந்த ஆசை இப்படித்தான் நிறைவேறியது.

சம்பவம் நடந்தது சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த டியூஷன் சென்டரில். கீழே மொபைல் கடை, மேலே நாங்கள். இரண்டு வகுப்பறை, ஒரு வரவேற்பு மேசை, கழிப்பறைக்குப் போகும் வழியில் முதலாளியின் அறை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிம் கார்டுக்கு டாப்-அப் செய்ய வரும் கட்டட வேலைத் தம்பிகள் படிக்கட்டு வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் கல்விக்கு ஏறி வர வேண்டும்.

முதலாளி நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர்க்காரர். முன்பு காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ், விற்றவர். மனிதர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சாவுக்குப் பயப்படுவதைவிடப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு அதிகம் பயப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்த அன்று தொழிலை மாற்றிக்கொண்டார். வேதியியலில் அவருக்குத் தெரிந்தது ஹெச்-டூ-ஓ. அதையும் ஏதோ தன் சொந்தச் சொத்து மாதிரி சொல்வார்.

அவருடைய கண்டிப்பு ஒன்றில் மட்டும்தான். வகுப்பறைக்குள் பெர்மனன்ட் மார்க்கர் வரக்கூடாது. முன்பு ஒரு கணக்கு வாத்தியார் கைமறதியாக அழியாத மார்க்கரை எடுத்து வெள்ளைப் பலகை முழுக்கச் சூத்திரம் எழுதிவிட்டார். முதலாளியும் வரவேற்பில் இருந்த பெண்ணும் ஈரத்துணியும் சோப்புத்தூளும் வைத்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்திருக்கிறார்கள். போகவில்லை. பலகையையே கழற்றிவிட்டுப் புதிது வாங்கினார்கள். நான் அந்த வாரம் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது சுவரில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் திருச்சிக்காரி. கணவரோடு நான்கு வருடம் இருந்துவிட்டு, போதும் என்று வந்தவள். அதற்கு எங்கள் தெருவில் ‘வாழாவெட்டி’ என்று ஒரு பட்டம் உண்டு. எம்.எஸ்ஸி.யைவிட அதுதான் என் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு என் பக்கம் வந்தால் யாராவது ஒரு அத்தை குறுக்கே வந்து வாங்கிக்கொள்வாள். சிங்கப்பூரில் நான் வெறும் கெமிஸ்ட்ரி டீச்சர். புக்கிட் பாத்தோக்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “கொழம்பு வைப்பீங்களா? வாசம் வராம இருந்தா ஓகே லா.” என் வாழ்க்கையைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளிலேயே மரியாதையான கேள்வி அது. எனக்கு இந்த ஊரை ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த ஊரில் நான் இருப்பது வேலை அனுமதியைப் பொறுத்தது. அதைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முதலாளிதான் போட வேண்டும். அவர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இருப்பேன், அழுத்தாவிட்டால் பெட்டி கட்டுவேன். தண்ணீர் விவகாரம் ஆரம்பித்தபோது என் அனுமதி முடிய நான்கு மாதம் இருந்தது.

சென்டருக்குப் புதுப் பெயர்ப்பலகை வைக்க முதலாளி முடிவு செய்தார். ஜோகூரில் இருந்த ஒரு டிசைனர் படம் அனுப்பினான். நீலப் பின்னணியில் பெரிய தண்ணீர் மூலக்கூறு. நடுவில் சிவப்பாக ஆக்சிஜன், கீழே இரண்டு பக்கமும் வெள்ளையாக ஹைட்ரஜன். கோணம்கூடச் சரியாக இருந்தது. அந்தப் பையன் எங்கேயோ பார்த்துப் படித்து வரைந்திருக்கிறான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாஸ்து நிபுணர் வந்திருந்தார். பொங்கோலில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையை இடம் மாற்றச் சொல்லிவிட்டு, எங்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். கழிப்பறை இருக்கும் மூலையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அதை ஒன்றும் செய்ய முடியாது, அரசாங்கம் விடாது. ஏதாவது ஒன்றை மாற்றாமல் போனால் அவருக்கும் மரியாதை இல்லை. கண் பெயர்ப்பலகைப் படத்தில் விழுந்தது.

“இது என்ன, ரெண்டு பக்கமும் வழியுது?” என்றார்.

“தண்ணி சாமி. ஹெச்-டூ-ஓ” என்றார் முதலாளி.

“உச்சி மேல, ரெண்டு கையும் கீழ. வர்ற பிள்ளைங்க ரெண்டு பக்கமும் சறுக்கிப் போயிடுவாங்க. ஒருத்தரும் தங்கமாட்டாங்க.”

முதலாளியின் முகம் மாறியது. பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு டியூஷன் சென்டர் திறந்து, எங்களிடமிருந்து சில பிள்ளைகள் அங்கே போயிருந்த நேரம். அவர் என்னைக் கூப்பிட்டார். நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். வேலியில் போன ஓணானை நானேதான் எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

“இப்ப பிச்சைப் பாத்திரம்” என்றார் வாஸ்துக்காரர்.

பக்கவாட்டில் திருப்பினேன்.

“கத்திரிக்கோல். உறவ வெட்டும்மா.”

பிறகு என் பேனாவை வாங்கி, படத்தின் மேலேயே ஒரு நேர்க்கோடு இழுத்தார். நடுவில் ஆக்சிஜன், இந்தக் கடைசியில் ஒரு ஹைட்ரஜன், அந்தக் கடைசியில் ஒரு ஹைட்ரஜன். “இப்படி வைங்க. தராசு மாதிரி சமமா நிக்கும். வியாபாரம் ஆடாது.” ஆக்சிஜனைச் சுற்றி இருக்கும் எட்டு எலக்ட்ரான்களை அவர் இரண்டு நொடியில் ஒதுக்கிவிட்டார். பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கு வராத தைரியம் அது.

அவர் போன பிறகு முதலாளி இஞ்சி டீ வரவழைத்தார். இஞ்சி டீ வந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“டீச்சர், ஒரு சின்ன விஷயம். தண்ணிய கொஞ்சம் நேராக்கிடலாம் லா.”

“தண்ணி நேரா இருக்காது சார்.”

“ஏன் இருக்காது? யாரு புடிச்சு வளைக்கிறா?”

கேள்வி நல்ல கேள்வி. பத்து வருடம் பாடம் நடத்தியதில் இவ்வளவு சரியாக ஒரு மாணவரும் கேட்டதில்லை. நானும் மடத்தனமாக உற்சாகமாகி, டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தேன்.

ஆக்சிஜனைச் சுற்றி நான்கு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடியைக் கண்டால் ஆகாது. எல்லாம் ஒரே வகை மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். சேர்ந்துதான் இருந்தாக வேண்டும் என்பதால், முடிந்த அளவு தள்ளித் தள்ளி உட்காரும். நான்கு ஜோடி அப்படி உட்கார்ந்தால் நான்கு மூலை கொண்ட ஒரு கூம்பு மாதிரி அமைப்பு வரும். மூலக்கூறின் வடிவத்தை வேறு யாரும் தீர்மானிப்பதில்லை. இந்த ஜோடிகள் சண்டை போடாமல் இருக்கக் கண்டுபிடித்துக்கொண்ட தூரம்தான் வடிவம். எங்கள் ஊர்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு ‘இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை’ என்று பெயர். படித்து முடிப்பதற்குள் எலக்ட்ரான்கள் வீட்டுக்குப் போய்விடும்.

“நாலு ஜோடியில ரெண்டு ஜோடி ஆளுக்கு ஒரு ஹைட்ரஜனப் புடிச்சிருக்கு சார். மிச்சம் ரெண்டு ஜோடி யாரையும் புடிக்கல. சும்மா இருக்கு. அதுக்குப் பேரு தனித்த இரட்டை. அந்த ரெண்டும்தான் ஹைட்ரஜன் ரெண்டையும் ஒரு பக்கமாத் தள்ளுது.”

“சும்மா இருக்கிறது எப்படித் தள்ளும்?”

“அதுதான் சார் அதிகமாத் தள்ளும். ஹைட்ரஜனப் புடிச்சிருக்கிற ஜோடிய ரெண்டு பக்கமும் ஆள் இழுத்து வச்சிருக்கு. அதனால ஒடுங்கி இருக்கு. தனித்த இரட்டைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பிடிப்பு. அது அகலமா உக்காரும், நிறைய இடம் எடுக்கும்.”

முதலாளி யோசித்தார். “அந்த ரெண்டு ஜோடி படத்துல எங்க இருக்கு?”

“படத்துல வரைய மாட்டாங்க சார்.”

“ஓ, கண்ணுக்குத் தெரியாது.” அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப ஒன்னும் பிரச்சினை இல்லயே.”

நான் விடவில்லை. நேராகத்தான் வேண்டும் என்றால் கார்பன் டை ஆக்ஸைடு வைக்கலாம், அதில் நடுவில் இருக்கும் கார்பனுக்குத் தனித்த இரட்டையே கிடையாது, தராசு மாதிரி நேராக நிற்கும் என்றேன். “மூச்சு முட்டுற கேஸ்தானே? பேரன்ட்ஸ் என்ன நெனப்பாங்க?” என்றார். மீத்தேன் நாலு பக்கமும் சமமாக நிற்கும் என்றேன். “வீடு வெடிக்கிற கேஸா?” என்றார். அம்மோனியா என்று சொல்ல வாயெடுத்தேன். கழிப்பறைக் கதவு பக்கத்திலேயே இருந்ததால் நிறுத்திக்கொண்டேன். அவருக்குத் தண்ணீர்தான் வேண்டும், அது லட்சுமி, ஆனால் நேராக வேண்டும். தண்ணீர் மூலக்கூறு நேராக இருந்திருந்தால் கடலும் இருந்திருக்காது, நாமும் இருந்திருக்க மாட்டோம், எல்லாம் வாயுவாகவே போயிருக்கும் என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தேன்.

“நல்ல நாளும் அதுவுமா அப்படியெல்லாம் பேசாதீங்க டீச்சர்” என்றார். பிறகு மேசை மேலிருந்த ஒரு கோப்பைத் தட்டினார். என் வேலை அனுமதிக் கோப்பு. மிரட்டினார் என்று சொல்ல முடியாது. அந்தக் கோப்பு அங்கே இருந்தது, அவர் விரல் அதன்மேல் விழுந்தது, அவ்வளவுதான். “டிசைனர் கேக்குறான், சப்ஜெக்ட் டீச்சர் ஓகே சொன்னாத்தான் பிரின்ட் பண்ணுவானாம். நீங்க ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க.”

போட்டேன். ‘படம் சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே, என் முழுப் பெயரோடு, எம்.எஸ்ஸி. என்றும் சேர்த்து. பட்டத்தைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழக்கதோஷம்.

பலகை ஏறியது. இரவில் உள்ளிருந்து நீல விளக்கு எரியும். நேரான தண்ணீர் பளபளவென்று தெருவையே பார்த்துக்கொண்டு நின்றது. நோட்டீஸ், கோப்பு அட்டை, பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் அதே படம். நான் தினமும் படியேறும்போது குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொள்வேன். முதல் வாரம் உறுத்தியது, இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மனசாட்சிக்கு இரண்டு வாரம் போதும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. ஜேசி முதல் வருட, அதாவது நம் ஊர்ப் பிளஸ் ஒன், பிள்ளைகளுக்கு அந்த மாதம் மூலக்கூறு வடிவங்கள் நடத்த வேண்டும். நடத்தினால் முதல் கேள்வியே பலகையைப் பற்றித்தான் வரும். அதனால் அந்தப் பாடத்தைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, மோல் கணக்கை முன்னால் இழுத்தேன். “அடித்தளம் முக்கியம்” என்று பிள்ளைகளிடம் காரணம் வேறு சொன்னேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் நானும் சளைத்தவள் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டம் வந்தது. முதலாளி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். பக்கத்துச் சந்துச் சென்டரில் ஒரு வாத்தியார் பலூன்களைக் கட்டி மூலக்கூறு வடிவம் காட்டிக்கொண்டிருந்தார்.

“நாமளும் செய்யணும் டீச்சர். நம்மகிட்ட போர்டு தொறந்தப்ப வாங்கின பலூன் நெறைய இருக்கு.”

“அதக் காட்டினா போர்டப் பத்திக் கேப்பாங்க சார்.”

“யாரு கேப்பா? பேரன்ட்ஸ் மார்க்கப் பத்தி மட்டும்தான் கேப்பாங்க. நான் இருபது வருஷமா மனுஷங்களப் பாக்கிறேன்.”

சனிக்கிழமை மத்தியானம். பெரிய வகுப்பறையில் பெற்றோர்கள் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கதவோரம் நின்றார். நான் இரண்டு பலூன்களை வாயோடு வாய் சேர்த்துக் கட்டினேன். அவை தாமாகவே எதிரெதிர் திசையில் நீட்டிக்கொண்டன. மூன்றாவதைச் சேர்த்தேன், முக்கோணம். நான்காவதைச் சேர்த்ததும் மொத்தமும் புரண்டு, மூன்று கால் ஊன்றி ஒரு தலை தூக்கி உட்கார்ந்தது. எத்தனை முறை செய்தாலும் அந்தப் புரளல் எனக்கு அலுப்பதில்லை. யாரும் கை வைத்து வளைக்கவில்லை பாருங்கள், ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி அவையே இந்த வடிவத்துக்கு வந்துவிட்டன என்றேன். பிறகு, “இதுல ரெண்டு பலூன் கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கோங்க. மிச்சம் ரெண்டு எப்படி நிக்குது? வளைஞ்சு நிக்குது. இதான் தண்ணி” என்றேன். பயமெல்லாம் அந்த நிமிடம் மறந்துபோயிருந்தது.

ஒரு அம்மா கை தூக்கினார். “இது எத்தனை மார்க் டீச்சர்?”

“ரெண்டு மார்க் வரலாம்.”

“ரெண்டு மார்க்குக்கு நாலு பலூனா?” என்றார். அறையே சிரித்தது. முதலாளி என்னைப் பார்த்து, சொன்னேன் இல்லையா என்பது போலத் தலையாட்டினார்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பஸ் ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார். வேலை முடிந்த கையோடு வந்திருக்க வேண்டும். அவர் மகள் என்னிடம் ஜேசி வகுப்பில் படித்தாள். அதிகம் பேசாத பெண்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அதிகம் படிக்கல. வெளிய போர்டுல தண்ணி நேரா இருக்கே. இது வளைஞ்சிருக்கு. எது சரி?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது, ஏனென்றால் அதற்குள் முதலாளி கைதட்டிக்கொண்டே முன்னால் வந்துவிட்டார்.

“வெரி குட் கொஸ்டின்! இதுக்குத்தான் காத்திருந்தோம்! அது வேணும்னே வச்சது. எங்க பிள்ளைங்க தப்பக் கண்டுபிடிக்கிறாங்களான்னு ஒரு டெஸ்ட். கிரிட்டிக்கல் திங்கிங்! என்ன டீச்சர், நீங்க குடுத்த ஐடியாதானே?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணிக்காயைத் தட்டில் வைத்து, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். எல்லாருடைய கண்ணும் என் மேல். கையில் நான்கு பலூன்.

தலையாட்டினேன்.

கூட்டத்துக்கு ரொம்பத் திருப்தி. கிரிட்டிக்கல் திங்கிங்குக்கு எத்தனை மார்க் என்று அந்த அம்மா கேட்டார். முதலாளி என் பக்கத்தில் வந்து, “மண்டே மொத வேலையா உங்க வொர்க் பாஸ் ரினியூ பண்ணிடறேன் டீச்சர். கவலப்படாதீங்க” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். நான் நன்றி என்றேன். அதையும் சொன்னேன்.

எல்லோரும் கலைந்த பிறகு கீழே இறங்கினேன். மொபைல் கடை வாசலில் அந்த ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். கைப்பேசியை நீட்டினார். அவர் மகளுடைய பள்ளித் தேர்வுத்தாளின் படம். தண்ணீர் மூலக்கூறை வரையச் சொன்ன கேள்வி. அவள் முதலில் வளைத்துத்தான் வரைந்திருக்கிறாள். தனித்த இரட்டைகளைக்கூட இரண்டிரண்டு புள்ளியாக வைத்திருக்கிறாள். பிறகு அதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் நேராக ஒன்று வரைந்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

“போர்டு வச்ச அன்னிக்கே சொன்னா டீச்சர், அது தப்புன்னு. நான்தான் திட்டினேன். படிச்சவங்க சைன் பண்ணாமலா போர்டு வைப்பாங்க, உனக்கு ரொம்பத் தெரியுமான்னு கேட்டேன். டெஸ்ட்ல எழுதறப்ப நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கு. அடிச்சுட்டா.” கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “மார்க் போனாப் போவுது லா. நீங்க ஏம்ப்பா என்ன நம்பலன்னு கேட்டா. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இப்ப டெஸ்டுன்னு முதலாளி சொல்றாரு. அதச் சொன்னாலாவது கொஞ்சம் சமாதானம் ஆவாளா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எளிதில் அழுகிறவள் இல்லை. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றுகூட வெளியே வந்து பஜ்ஜி சாப்பிட்டவள். சரியாகத் தெரிந்த ஒரு பெண், என் கையெழுத்தை நம்பி, தன் விடையைத் தானே அடித்திருக்கிறாள். அந்தக் குறுக்குக் கோட்டை என் கண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை.

“அது டெஸ்ட் இல்லண்ணே” என்றேன். “தப்பு. தெரிஞ்சே நான் சைன் பண்ணின தப்பு.”

பையிலிருந்து எங்கள் சென்டர் நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினேன். ‘நீ முதலில் வரைந்ததுதான் சரி. பலகையில் இருப்பது தவறு. அது தேர்வுக்காக வைத்ததல்ல. தவறு என்று தெரிந்தே நான் ஒப்புதல் கொடுத்தேன். உன் பாடத்தையும் நான்தான் தள்ளிப் போட்டேன். மன்னித்துக்கொள்.’ கீழே கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எம்.எஸ்ஸி. போடவில்லை.

“இத அவகிட்ட குடுங்க. யாருக்குக் காட்டினாலும் பரவால்ல.”

“உங்களுக்குப் பிரச்சினை வராதா டீச்சர்?”

“வரும்ணே” என்றேன்.

ரயிலில் இரண்டு இடத்தில் மாறி, புக்கிட் பாத்தோக்கில் இறங்குவதற்குள் வந்துவிட்டது. அந்தப் பெண் நான் எழுதிக் கொடுத்த தாளைப் படம் பிடித்துத் தன் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருக்கிறாள். அங்கிருந்து அம்மாக்கள் குழு, அம்மாக்கள் குழுவிலிருந்து முதலாளி. அவர் அழைக்கவில்லை. நான் அனுப்பிய ‘பேசலாமா சார்’ என்ற செய்திக்கு நீலக் குறி மட்டும் விழுந்தது.

திங்கட்கிழமை வந்தது, போனது. முதலாளி கோபப்படவில்லை, திட்டவில்லை, இஞ்சி டீ வரவழைக்கவில்லை. என் கோப்பு அவர் மேசையிலேயே இருந்தது. பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவுதான். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அனுமதி முடியும் நாள்வரை சம்பளம் கொடுத்தார், தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தார். பலகை அப்படியே இருந்தது. டெஸ்ட் என்று சொல்லியாகிவிட்டதால் அதை எடுக்கவும் முடியாது. அதன் கீழே ‘தவறைக் கண்டுபிடி’ என்று புதிதாக ஒரு பட்டி ஒட்டினார். அதற்குப் பிறகு புதிதாக ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

மிச்சமிருந்த நாட்களில் தள்ளிப் போட்ட பாடத்தை நடத்தி முடித்தேன். ஓட்டுநர் மகள் முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். கடைசி நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வெள்ளைப் பலகையைத் துடைத்தேன். சுவரில் இருந்த சிவப்பு எச்சரிக்கையை ஒரு முறை படித்தேன். பிறகு முஸ்தபா பேரங்காடிக்கு எதிரே ஒரு கடையில் அன்று காலைதான் வாங்கியிருந்த கறுப்புப் பெர்மனன்ட் மார்க்கரைப் பையிலிருந்து எடுத்தேன். பலகையின் நடுவில், கடைசி வரிசைக்கும் தெரியும்படி, ஒரு தண்ணீர் மூலக்கூறு வரைந்தேன். நூற்று நான்கரை டிகிரி. ஆக்சிஜனின் தலையில் இரண்டு தனித்த இரட்டைகள், நான்கு கொழுத்த புள்ளிகள். மூடியை மூடி, விளக்கை அணைத்துவிட்டு இறங்கினேன்.

இப்போது திருச்சியில் இருக்கிறேன். அண்ணன் வீட்டில் மூன்று நாள்தான் தங்கினேன். பிறகு வீடு பார்த்தேன். “தனியாவா?” என்றார் வீட்டுக்காரர். தனியாகத்தான். “ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பெட்ரூம்?” என்றார். ஒரு ஆளுக்குத்தான் இடம் அதிகம் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அத்தைமார்கள் பேசுகிறார்கள். பேசட்டும். போன வாரம் ஒரு கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு என் பக்கம் வந்தது. குறுக்கே வந்த கை எட்டுவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன்.

நேற்று ஓட்டுநர் அண்ணன் குரல்செய்தி அனுப்பியிருந்தார். மகளுக்குத் தேர்வு நன்றாகப் போனதாம், இந்தத் தடவை எதையும் அடிக்கவில்லையாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “டீச்சர், நீங்க வரைஞ்ச தண்ணி இன்னும் கிளாஸ் போர்டுலயே இருக்கு லா. புது கெமிஸ்ட்ரி டீச்சர் வந்து மூணு மாசம் ஆச்சு. துணி, சோப்பு, பிரஷ் எல்லாம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டாங்களாம், போவே மாட்டேங்குதாம். அத ஒதுக்கிட்டு ரெண்டு பக்கமும்தான் பாடம் எழுதறாங்களாம்.”

பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் ஒரு நொடியில் போய்விடும். கெமிஸ்ட்ரி தெரிந்த ஒரு ஆள் அங்கே இருந்தால் போதும்.